ஒழுகிய வெண்பாவை அடைத்த வேலை: 15 சீர், 14 மூட்டு

காட்சி கண்ணில் தெளிவாக நிற்கிறது. நாலு வரியும் தாளில் இறங்கிவிட்டது. ஆனால் அது வெண்பாவாகவில்லை. மரபில் எழுதிப் பழகுகிறவர்களுக்கு வாரக்கணக்கில் தொண்டையில் நிற்கிற முள் இதுதான். புது வரி எழுதும் நேரத்தைவிட, நின்றுபோன வரியைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும் நேரமே கவிதை வேலையில் அதிகம். ஒரே ஒரு நேரிசை வெண்பா (இரண்டாமடியின் கடைசியில் தனிச்சொல் வரும் நாலடிச் செய்யுள்) எங்கே உடைந்திருந்தது, எந்த வரிசையில் சரியானது, எந்தெந்தச் சொற்கள் வந்து திரும்பிப் போயின என்பதன் பதிவு இது. மொத்தம் 5 அமர்வுகள். ஒவ்வொன்றும் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை.

தாளும் கட்டமும்

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, முதல் மூன்று வரிசையில் நான்கு நான்கு கட்டம், கடைசி வரிசையில் மூன்று கட்டம் போட வேண்டும். மொத்தம் 15, அடியின் துண்டான ஒவ்வொரு சீருக்கும் ஒன்று. ஒரு கட்டம் 6 செ.மீ. அகலம், கட்டங்களுக்கு நடுவே 1 செ.மீ. இடைவெளி. கட்டத்துக்குள் மூன்று வரி: மேலே சொல், நடுவே அசை, கீழே வாய்பாடு. அசை என்பது சீரின் ஒலித்துண்டு. குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை. நேருக்கு ஒரு கோடு, நிரைக்கு இரட்டைக் கோடு போதும். வாய்பாடு என்பது அசை வரிசையின் பெயர்: தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை). இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. இடைவெளி தளைக்கு உரியது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் மூட்டுக்கு. சரியாக இருந்தால் அங்கே பென்சிலில் ஒரு புள்ளி, உடைந்திருந்தால் சிவப்பில் ஒரு வெட்டு.

15 சீருக்கு 14 மூட்டு. அவற்றில் 3 மூட்டுகள் வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் இருக்கின்றன. பழகாதவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். அடி முடிந்ததும் தளையும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வெண்பாவில் தளை முதற்சீரிலிருந்து கடைசிச் சீர் வரை அறாமல் ஓட வேண்டும். அதனால் வலது ஓரத்திலும் ஒரு இடைவெளி விட்டு, அங்கேயும் குறி போட வேண்டும்.

தளைக்கு விதி மூன்றே மூன்று. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். இங்கே ‘முன்’ என்றால் அடுத்து வருவது. கனிச்சீர் உள்ளே வரக்கூடாது. கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரோடு உகரம்), பிறப்பு (நிரையோடு உகரம்) என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். அதற்கு முதல் இரண்டு அடிகளோடு எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றுதல், அமைய வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இதை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு திணறல் என்றால், பெரும்பாலான பிழைகள் விதி தெரியாமல் வருவதில்லை, அசை பிரிப்பதில் வருகின்றன.

அசை பிரிக்கும்போது வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ஐகாரம். சொல்லின் முதலில் இல்லாத ஐ குறுகி ஒலிக்கும் என்பதால் ‘கூரையின்’ என்பதைக் கூ, ரையின் என்று நேர் நிரையாகப் பிரிக்கிறோம். ரையை நெடிலாக எண்ணித் தனியே நிறுத்தினால் வாய்பாடே மாறிவிடும். இரண்டாவது, ஒற்று எத்தனை வந்தாலும் அசை அதிகமாகாது. ‘மாய்ப்’ என்பது இரண்டு ஒற்றோடு வந்தாலும் ஒரே நேர்தான். மூன்றாவது புணர்ச்சி. இதுதான் நிறைய பேரைக் கவிழ்க்கிறது. ‘காற்று அடிக்கும்’ என்று இடம் விட்டு எழுதினால் தேமா, புளிமா என இரண்டு சீராகத் தெரியும், தளையும் பொருந்தும். சேர்த்துச் சொன்னால் உகரம் விழுந்து ‘காற்றடிக்கும்’ ஆகிவிடும். காற், றடிக், கும் – ஒரே கூவிளங்காய். வரியில் ஒரு சீர் காணாமல் போகிறது. குற்றியலுகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், அசை பிரிப்பதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

முதல் அமர்வு: உடைப்பு எங்கே

காட்சி முதலில் உரைநடையில்: மழை பெய்யும் இரவு. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வட்டில். முதல் சொட்டுகள் விழும்போது வெண்கல ஒலி. நிறைய நிறைய ஒலி குறைகிறது. உரைநடையில் எழுதிக்கொள்ளாமல் நேராகச் செய்யுளுக்குள் போனால், எதுகை இழுத்த பக்கம் காட்சி போய்விடும். இந்த நாலு வாக்கியம் தாளின் மேல் ஓரத்தில் கடைசிவரை இருக்க வேண்டும்.

முதல் வரைவு இப்படி வந்தது:

கொட்டும் மழைநாளில் ஒழுகும் கூரையின்கீழ்
வட்டில் வைத்தால் வந்துவிழும் – துளியெல்லாம்
வெறுமையில் வெண்கலம்போல் ஒலிக்கும், நிறைந்ததும்
முற்றிலும் அடங்கிவிடும் மௌனமாகும்

கண்ணால் பார்க்கும்போது வெண்பா போலத்தான் இருக்கிறது. கட்டத்தில் ஏற்றியதும் நிலவரம் தெரிந்தது.

முதலடி: கொட்டும் (தேமா), மழைநாளில் (புளிமாங்காய்), ஒழுகும் (புளிமா), கூரையின்கீழ் (கூவிளங்காய்).
இரண்டாமடி: வட்டில் (தேமா), வைத்தால் (தேமா), வந்துவிழும் (கூவிளங்காய்), துளியெல்லாம் (புளிமாங்காய்).
மூன்றாமடி: வெறுமையில் (கருவிளம்), வெண்கலம்போல் (கூவிளங்காய்), ஒலிக்கும் (புளிமா), நிறைந்ததும் (கருவிளம்).
நான்காமடி: முற்றிலும் (கூவிளம்), அடங்கிவிடும் (கருவிளங்காய்), மௌனமாகும் (கூவிளங்காய்).

14 மூட்டுகளில் 8 உடைப்பு. மழைநாளில் என்ற காய்ச்சீருக்குப் பின் நிரை வந்ததால் அங்கே வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை. ஒழுகும் என்ற மாச்சீருக்குப் பின் ‘கூ’ என்று நேர் வந்ததால் அங்கே ஆசிரியத்தளை. இரண்டாமடி முழுக்கச் சிவப்பு. உள்ளே மூன்று மூட்டும் போய், அடுத்த அடிக்குப் போகும் மூட்டும் போய்விட்டது. மூன்றாமடியில் ஒன்று, நான்காமடியில் ஒன்று. இதற்கு மேல், தனிச்சொல் ‘துளியெல்லாம்’ கொட்டும், வட்டில் இரண்டோடும் எதுகை கொள்ளவில்லை. ‘வெறுமை’யில் இரண்டாம் எழுத்து று, ‘முற்றிலும்’ என்பதில் ற். அதுவும் எதுகை ஆகாது. கடைசிச் சீர் கூவிளங்காய். அது நான்கு வாய்பாட்டில் எதிலும் சேராது.

இந்த அமர்வில் எதையும் திருத்தக்கூடாது. குறி போடுவது மட்டுமே வேலை. குறி போடும்போதே ஒரு சொல்லை மாற்றினால், அது பக்கத்து மூட்டை உடைத்து, பிறகு எது பழைய பிழை, எது புதுப் பிழை என்று தெரியாமல் போகும்.

இரண்டாம் அமர்வு: கடைசியிலிருந்து தொடங்குதல்

வெண்பாவை முதலடியிலிருந்து திருத்திக்கொண்டு வருவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அப்படி வந்தால் நான்காம் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். காரணம் எளிது. நடுச்சீர்களுக்கு மா, விளம், காய் என்று பலவகை இடம் உண்டு. கடைசிச் சீருக்கு நான்கே வடிவம், அதிலும் இரண்டு ஓரசை. மிகவும் நெருக்கடியான இடத்தை முதலில் பூட்டிவிட்டு, தாராளமான இடங்களை அதற்கேற்ப நகர்த்துவதுதான் வேலையை முடிக்கும் வழி. கடைசிச் சீர், பிறகு தனிச்சொல், பிறகு எதுகைச் சொற்கள், எஞ்சியதெல்லாம் கடைசியில்.

இதற்குக் காதைப் பழக்கத் திருக்குறள் போதும். 1330 குறளும் குறள் வெண்பா, ஒவ்வொன்றிலும் 7 சீர், 6 மூட்டு. எந்தப் பக்கத்தையும் திறந்து கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் நாள், மலர், காசு, பிறப்பு நான்கும் நாக்கில் உட்கார்ந்துவிடும். முதற்குறள் ‘உலகு’ என்று முடிவது பிறப்பு.

‘மௌனமாகும்’ என்பதை எடுத்துவிட்டு வந்த முயற்சிகள்:

‘முற்ற நிறைந்தால் மௌனம்’. மௌனம் தேமா, ஈற்றுச்சீர் ஆகாது. அதோடு நிறைந்தால் என்ற மாவுக்குப் பின் நேர் வந்துவிட்டது. இரண்டு பிழை.

‘முற்ற நிறைந்ததும் மூச்சு’. நிறைந்ததும் கருவிளம், அதன்பின் நேர். மூச்சு என்பது காசு. இலக்கணம் முழுக்கச் சரி. ஆனால் வட்டிலுக்கு மூச்சு ஏது? தளை பொருந்துகிறது என்பதற்காகப் பொருளில்லாத சொல்லை உட்கார வைப்பது வெண்பா எழுதுகிறவர்களுக்கு வரும் முதல் ஆசை. நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் வெற்றெனத் தொடுத்தல் இதுதான்.

மூன்றாவது முயற்சிக்கு முன் ஒரு சோதனை தேவைப்பட்டது.

வட்டிலை வைத்தே பார்த்தல்

எவர்சில்வரோ வெண்கலமோ, விளிம்பு விரிந்த ஒரு வட்டிலை எடுத்துத் தரையில் வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஈரத் துணியைச் சொட்ட விட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது முக்கியம். வெறும் வட்டிலில் முதல் சொட்டு ‘டிங்’ என்று விழுந்து, சின்ன ரீங்காரம் அதன் பின்னால் ஓடுகிறது. அடியில் தண்ணீர் மெல்லிய தாளாகப் படர்ந்ததும் ரீங்காரம் போய்விடுகிறது, ‘டிக்’ மட்டும் மிஞ்சுகிறது. ஒரு விரற்கடை தண்ணீர் ஏறியதும் சொட்டு உலோகத்தைத் தொடுவதே இல்லை. தண்ணீரின் மேல் விழுந்து ‘ப்ளக்’ என்கிறது. விளிம்பை விரலால் சுண்டிப் பார்த்தால், வெறும் வட்டிலில் வந்த சுரத்தைவிடத் தணிந்த சுரம். ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டிச் சுரத்தைக் குறைப்பது இதே காரணத்தால்தான். தண்ணீரின் பாரம் பாத்திரத்தின் அதிர்வை மெதுவாக்குகிறது.

ஆக, நிறைந்த வட்டில் மௌனமாவதில்லை. முழக்கம் ஒடுங்குகிறது, ஒலி நிற்கவில்லை. ‘மௌனமாகும்’ என்ற சொல் இலக்கணத்தில் மட்டும் பிழையாக இருக்கவில்லை, உண்மையிலும் பிழையாக இருந்தது. ‘நிறைந்ததும்’ என்பதும் அப்படியே. ஒலி திடீரென்று மாறவில்லை, நிறைய நிறைய மாறுகிறது. தளை உடைந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே நினைப்பும் பாதியில் நிற்பது தெரியும். அதனால்தான் சிவப்பு வெட்டைப் பார்த்து எரிச்சல் கொள்ளாமல், ‘இந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?’ என்று கேட்பது பயன் தருகிறது.

சோதனை முடிந்த பத்து நிமிடத்தில் நான்காமடி வந்தது:

முற்றும் ஒடுங்கும் முழக்கு.

முற்றும் தேமா, ஒடுங்கும் புளிமா, முழக்கு பிறப்பு. மா முன் நிரை, மா முன் நிரை. ‘முற்று மொடுங்கும்’ என்று சேர்த்துச் சொன்னாலும் அசை மாறவில்லை. முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மு, மு என்று மோனையும் (முதலெழுத்து ஒன்றுதல்) தானாக விழுந்தது. பூட்டியாகிவிட்டது. இனி இந்த அடியைத் தொடக்கூடாது.

மூன்றாம் அமர்வு: தனிச்சொல்லும் முதல் இரண்டு அடிகளும்

தனிச்சொல்லுக்கு டகர ஒற்று எதுகை வேண்டும். ஓரத்தில் ஒரு பட்டியல்: சொட்டு, பட்டு, தொட்டு, விட்டு, எட்ட, கிட்ட, முட்ட, தட்ட. பட்டியலை எழுதிவிட்டு, காட்சிக்குள் ஏற்கெனவே இருக்கிற சொல் எது என்று தேட வேண்டும். பிற சொற்களைக் கொண்டுவந்தால் அவை தங்கள் கதையையும் கூடவே கொண்டுவரும், நன்னூல் சொல்கிற மற்றொன்று விரித்தல் அங்கே தொடங்கும். இங்கே தேடல் சுருக்கமாக முடிந்தது. துளி என்பதற்கே இன்னொரு பெயர் சொட்டு. ‘சொட்டெல்லாம்’ தேமாங்காய், நேரில் தொடங்குகிறது. ஒரு சொல்லை மாற்றியதில் எதுகையும் வந்தது, வந்துவிழும் என்ற காய்ச்சீருக்குப் பின் இருந்த உடைப்பும் அடைபட்டது. துளியைவிடச் சொட்டில் ஓசையும் இருக்கிறது. இந்தப் பாட்டுக்கு அது முக்கியம்.

இரண்டாமடி ‘வட்டில் வைத்தால் வந்துவிழும்’. இதில் வைக்கிறவர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். காட்சியில் ஆளே இல்லை. ஆளை வெளியேற்றிவிட்டு வேலையை வட்டிலிடமே கொடுத்தால் என்ன?

‘வட்டில் இருந்து வரவேற்கும்’ என்று வந்தது. தேமா, புளிமா, புளிமாங்காய். தளையில் ஒரு குறையும் இல்லை. வாய்விட்டுப் படித்தால் ‘வட்டிலிலிருந்து’ என்று காதில் விழுகிறது. மேலிருந்து வருகிற சொட்டு வட்டிலிலிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. நன்னூல் சொல்லும் மயங்கவைத்தல் இது. தாளில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

‘வட்டிலொன் றேந்தி வரவேற்கும்’. வட்டிலொன்று ஏந்தி என்பதில் உகரம் விழுந்து வட்டிலொன் (கூவிளம்), றேந்தி (தேமா). விளம் முன் நேர், மா முன் நிரை. முதலுக்கும் மூன்றுக்கும் வ, வ. இப்படிப் பிரித்து எழுதுவதை வகையுளி என்று சிலர் தள்ளுவார்கள். புணர்ச்சியால் மெய் நகர்ந்து அடுத்த சீரின் தலையில் ஏறுவது வெண்பாக்களில் சாதாரணமாக நடப்பது. ஒரு சொல்லின் நடுவிலேயே வெட்டி, பொருள் தடுமாறும்படி இரண்டு சீரில் போடுவதுதான் கண்ணை உறுத்தும். அதை முடிந்தவரை தவிர்ப்பதே நல்லது.

முதலடிக்கு எந்தச் சொல்லையும் தேட வேண்டியிருக்கவில்லை. இடம் மாற்றியதே போதுமானதாக இருந்தது. ‘ஒழுகும் கூரையின்கீழ்’ என்பதைத் திருப்பி ‘கூரை ஒழுகுமிடம்’ ஆக்கினால் காய் முன் நேர், மா முன் நிரை இரண்டும் சரி. திருத்தும்போது முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். புதுச் சொல் தேடும் முன் இருக்கிற சொற்களைப் புரட்டிப் போட வேண்டும். தமிழில் எழுவாய், செயப்படுபொருள், வினையடை எல்லாமே இடம் மாறி உட்காரக்கூடியவை. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் அகராதியைத் திறப்பது வீண் அலைச்சல்.

மழைநாளில் என்பது மழையிரவில் ஆனது தளைக்காக அல்ல. இரண்டும் காய்ச்சீர்தான். பகலில் பத்துச் சத்தங்களுக்கு நடுவே வட்டிலின் ஒலி கேட்காது. இரவென்று சொன்னால்தான் காது திறக்கிறது.

நான்காம் அமர்வு: நின்றுபோனது

மூன்றாமடி நகரவில்லை. சொட்டெல்லாம் என்பதன் பின் நேர் வேண்டும். ‘முற்றும்’ என்பதோடு எதுகை வேண்டும். வெண்கலம் உள்ளே இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஏழெட்டு வரி எழுதி, எல்லாம் அடிபட்டன. பெரும்பாலானவற்றில் ‘ஆங்கு’, ‘தான்’, ‘அம்மா’ என்று பொருளற்ற அசைச்சொற்கள் இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தன. அசைச்சொல் மூன்றாவது முறை வந்தால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும். மனம் சோர்ந்து, பொருளை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இப்படிப்பட்ட நேரத்துக்குக் கைவேலை ஒன்று இருப்பது நல்லது. படிப்பதும் திரை பார்ப்பதும் வேறு சொற்களைத் தலைக்குள் கொட்டிவிடும். சொல் இல்லாத வேலை வேண்டும். நோட்டுத் தைப்பது அதற்கு மிகவும் பொருந்துகிறது. அடுத்த வெண்பாவுக்கான கட்டத் தாள்களும் அதிலேயே தயாராகிவிடுகின்றன.

8 ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்தால் ஏ5 அளவில் 32 பக்கம். எட்டையும் சேர்த்து ஒரே மடிப்பாக மடிக்காமல், இரண்டிரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் மடிப்பு கூர்மையாக விழும். அட்டைக்குச் சற்றுக் கனமான தாள். சாதாரண ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாட்டில் ஓடுகிறது. பாதியாக மடிக்கும்போது இழைக்குக் குறுக்கே மடிக்கிறோம். மெல்லிய தாள் தாங்கிக்கொள்ளும். கனமான அட்டையில் மடிப்பு விரிசல் விடும். அதனால் அட்டைத் தாளை வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடிப்பு வரும்படி வெட்டிக்கொள்ள வேண்டும்.

மடிப்பின் உயரம் 210 மி.மீ. மேலிருந்து 15, 60, 105, 150, 195 மி.மீ. இடங்களில் ஐந்து துளை. துளைகளை உள்பக்கத்திலிருந்து, மடிப்பின் மேலேயே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் ஊசி விலகி, துளை மடிப்புக்குப் பக்கத்தில் போய்விடும். நூல் உயரத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது சுமார் 63 செ.மீ. பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தால் முறுக்குப் பிரியாது, முடிச்சும் வழுக்காது.

துளைகளை மேலிருந்து 1 முதல் 5 வரை எண்ணிக்கொண்டால் தையல் போகும் வழி இது: உள்ளிருந்து 3 வழியாக வெளியே, 2 வழியாக உள்ளே, 1 வழியாக வெளியே, மறுபடி 2 வழியாக உள்ளே. இப்போது 3ஐத் தாண்டி 4 வழியாக வெளியே, 5 வழியாக உள்ளே, 4 வழியாக வெளியே, கடைசியாக 3 வழியாக உள்ளே. உள்ளே 2க்கும் 4க்கும் நடுவே ஒரு நீளத் தையல் கிடக்கும். நூலின் இரு முனைகளும் அதற்கு இரு பக்கமும் இருக்கும்படி வைத்து, அதன் மேல் முடிச்சுப் போட வேண்டும். இரண்டாவது முறை ஒரே துளையில் நுழையும்போது ஊசி பழைய நூலைக் குத்திவிட்டால், பிறகு எவ்வளவு இழுத்தாலும் தையல் இறுகாது. நூலை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நுழைப்பது அவசியம். இழுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் தாள் கிழியும்.

முடிந்ததும் வலப் பக்கங்களில் கட்டம், இடப் பக்கங்கள் வெறுமையாக, அடிபட்ட வரிகளுக்கும் எதுகைப் பட்டியலுக்கும். ஏ5க்குக் கட்டத்தின் அகலம் 3 செ.மீ. ஆகச் சுருங்கும், இடைவெளியும் பாதியாகும். கடைசி இரண்டு பக்கங்கள் அன்றாடச் சொற்களுக்கு. கண்ணில் படும் பொருளின் பெயரை அசை பிரித்து எழுதி வைப்பது தினமும் ஐந்து நிமிட வேலை. சாவி தேமா, செருப்பு புளிமா, நாற்காலி தேமாங்காய், மின்விசிறி கூவிளங்காய், சமையலறை கருவிளங்காய். எழுத எழுதச் சில சொற்கள் வெண்பாவுக்குள் நேராக நுழையவே முடியாதவை என்று தெரியவரும். ‘குப்பைத் தொட்டி’ அப்படி ஒன்று. ஒரே சீராக்கினால் நாலசை, இரண்டு சீராக்கினால் மா முன் நேர். ‘குப்பையின் தொட்டி’ என்று உருபு ஏற்றினால் கூவிளத்தின் முன் நேராகி உள்ளே வந்துவிடும், ஆனால் அப்படி யார் பேசுகிறார்கள்? இன்றைய வாழ்க்கையை வெண்பாவில் எழுதுகிறவர்களின் உண்மையான போராட்டம் இந்த மாதிரிச் சொற்களோடுதான். பழஞ்சொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொள்வதைவிட, அந்தச் சொல் நுழைய முன்பின் சீர்களை நகர்த்திப் பார்ப்பதே மேல்.

ஐந்தாம் அமர்வு

‘வெறுமையில்’ என்பது நிரையில் தொடங்குவதால் அங்கே நிற்க முடியாது. அதே பொருளில் றகர ஒற்றோடு: வெற்று, வெற்றிடம். ‘வெற்றிடத்தில்’ கூவிளங்காய், நேரில் தொடக்கம், ‘முற்றும்’ என்பதோடு எதுகை. அடுத்த சீர் நேரில் தொடங்க வேண்டும், வெண்கலம் தயாராகவே இருக்கிறது. உடைந்திருந்தது அதன் பின்னால் வந்த ‘ஒலிக்கும்’. அது நிரை. நேரில் தொடங்கும் வினை வேண்டும்: பாடும், கத்தும், பேசும், ஆர்க்கும். ‘பாடும்’ என்றதும் பாட்டு இனிப்பாகிவிடுகிறது. ஒழுகும் வீட்டில் அந்த ஒலி யாருக்கும் இனிப்பதில்லை. ‘கத்தும்’ என்பதற்கு வெண்கலம் பொருந்தாது. ‘ஆர்க்கும்’ பழைய சொல், மற்ற மூன்று அடியும் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும்போது இது மட்டும் துருத்தும். ‘பேசும்’ நின்றது. வெண்கலம்போல் என்பது ‘வெண்கலமாய்’ ஆனபோது உவமையின் மூட்டும் மறைந்தது.

பேசும் என்பதன் பின் நிரை. வட்டில் சோதனையில் கிடைத்த ‘நிறைநிறைய’ கருவிளங்காய். அதன்பின் ‘முற்றும்’ நேர். 12ஆம் மூட்டும் சரி.

கொட்டும் மழையிரவில் கூரை ஒழுகுமிடம்
வட்டிலொன் றேந்தி வரவேற்கும் – சொட்டெல்லாம்
வெற்றிடத்தில் வெண்கலமாய்ப் பேசும், நிறைநிறைய
முற்றும் ஒடுங்கும் முழக்கு.

புதிய தாளில் மறுபடி முதலிலிருந்து கட்டத்தில் ஏற்ற வேண்டும். பழைய தாளிலேயே திருத்திச் சரிபார்த்தால் கண் பழைய புள்ளிகளை நம்பிவிடும். 14 மூட்டும் சரி. அவற்றில் 7 இயற்சீர் வெண்டளை (மா, விளத்தின் பின் வருவது), 7 வெண்சீர் வெண்டளை (காயின் பின் வருவது). இரண்டும் கலந்து வருவதால் இதன் ஓசை ஒழுகிசைச் செப்பல். இரண்டு எதுகை வருவதால் இருவிகற்ப நேரிசை வெண்பா.

கடைசியாகக் கைப்பேசியில் இரண்டு முறை பதிவு. முதல் முறை சீர் சீராக நிறுத்தி, இரண்டாம் முறை பொருளுக்கேற்ப நிறுத்தி. இரண்டையும் மறுநாள் கேட்க வேண்டும், எழுதிய அன்றே கேட்டால் காது எழுதியவர் பக்கமே சாய்ந்திருக்கும். சீர் பிரித்துப் படிக்கும்போது ‘வட்டிலொன் / றேந்தி’ லேசாக இடறுகிறது. பொருளுக்காகப் படிக்கும்போது இடறல் இல்லை. அதனால் விட்டுவிடலாம். தனிச்சொல்லுக்கு முன் மூச்சு விட்டால் ‘சொட்டெல்லாம்’ மூன்றாமடியோடு சேர்ந்து ஓடுகிறது, அதுதான் வேண்டும்.

மூன்றாமடியில் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை இல்லை. ‘வெற்றிடத்தில் வெண்கலமாய்’ என்று அடுத்தடுத்து வரும் இணைமோனைதான் இருக்கிறது. மற்ற மூன்று அடிகளில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் கொ – கூ, வ – வ, மு – மு என்று பொழிப்பு மோனை ஓடும்போது இங்கே மட்டும் தாளம் ஒரு சீர் முன்னால் தள்ளி விழுகிறது. பேசும் என்ற இடத்தில் வகரத்தில் தொடங்கும் நேரசை வினை கிடைத்தால் மாற்றலாம் என்று இடப் பக்கத்தில் குறித்திருக்கிறது. வீசும், வாழ்த்தும், வாடும் மூன்றும் எழுதி அடிக்கப்பட்டுவிட்டன.